எடைமேடைக்காரர் பேரில் பறந்தவன்

புளியஞ்சத்திரத்தில் லாரிகளுக்கு எடை போடும் மேடை வைத்திருந்த நாச்சிமுத்து, ஒரு சந்தை நாள் காலையில், உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் நான்கு கால்களும் நான்கு திசைக்கு விரிய, கையிலிருந்த டீ டம்ளரைக்கூட விடாமல், அப்படியே தரைக்கு வந்து சேர்ந்தார். வெங்காய லாரிக்குச் சீட்டு வாங்க வந்திருந்த மண்டிக்காரர் கதிர்வேல், இப்போதெல்லாம் நாற்காலிகளை நம்பவே முடிவதில்லை என்று சொல்லிக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அடுத்த வாரம் மர ஸ்டூல் முறிந்தது, அதற்கடுத்த வாரம் கயிற்றுக் கட்டில் நடுவில் அறுந்தது, பிறகு வாசற்படிக் கல்லில் கால் வைத்தவர் கல்லையே இரண்டாகப் பிளந்துகொண்டு வீட்டுக்குள் போனார். இத்தனைக்கும் இடுப்பில் வேட்டி நிற்பதற்கே பெல்ட் கட்ட வேண்டிய உடம்பு அவருக்கு.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஊர், சக்கரம் சரியாக நிற்கிறதா என்று பார்க்க அவர் மேடைமேல் ஏறிய ஒரு நாளில் சிரிப்பை நிறுத்தியது. மேடையோரத்து அறைக்கு மேலே சிவப்பு விளக்கில் எரியும் எடை எண், கதிர்வேலின் கண் முன்னால் அரை டன் எகிறி, இரண்டு மூச்சு விடுவதற்குள் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. மேடையில் தில்லுமுல்லு என்று மத்தியானத்துக்குள் மண்டித் தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் எல்லோரையும் வரச்சொல்லி, லாரி இல்லாத வெறும் மேடையில், சட்டையையும் செருப்பையும் கழற்றிவைத்துவிட்டுத் தன்னந்தனியாக ஏறி நின்றார். வெகுநேரம் ஒரு ஒல்லியான மனிதனின் எடையே காட்டிக்கொண்டிருந்த எண், வெயில் ஏறிய பிறகு, யாரோ ஆணியைப் பிடுங்கியதுபோல் மேலே ஓடியது. அவர் முழங்கால் மடங்கி, முகத்துச் சதை தாடைக்கு இழுத்துக்கொண்டு வர, கும்பிட விழுந்தவர் மாதிரி கவிழ்ந்து கிடந்தார். பிறகு எண் இறங்கியது, அவரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

மேடையில் குற்றமில்லை, ஆள்தான் அப்படி என்று தெரிந்ததும் ஊருக்குப் பெரிய நிம்மதி. லாரி எடை போடும்போது அவர் பத்தடி தள்ளி நிற்க வேண்டும் என்று மட்டும் முடிவு செய்துவிட்டு, எல்லோரும் வெங்காயத்தைப் பார்க்கப் போனார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் அவர் மனைவி பழனாத்தாள். அவர்களுக்கு ஒரே மகன், திருமூர்த்தி. துணைக்கு வா என்று கூப்பிட்ட சிநேகிதனோடு மைசூரில் நடந்த ஆள்தேர்வுக்குப் போய், சிநேகிதனை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய விமானப்படை இவனைப் பிடித்துவைத்துக்கொள்ள, பயிற்சிக்குச் சேர்ந்தவன். சேர்ந்த முதல் நாள், வடக்கத்தி அதிகாரி ஒருவர் எல்லோருடைய குடும்பப் பெயரையும் கேட்டுக்கொண்டே வந்தாராம். நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? நா. திருமூர்த்தி என்றான் இவன். அந்த நா எதைக் குறிக்கிறது என்றார் அவர். நாச்சிமுத்து என்றான். அவ்வளவுதான், அன்று மாலைக்குள் அவன் சட்டை மார்பில் நாச்சிமுத்து என்று பட்டை தைத்தாகிவிட்டது, தலைக்கவசத்தில் நாச்சிமுத்து, விமானத்தின் கண்ணாடிக் கூண்டுக்குக் கீழே நாச்சிமுத்து, ரேடியோவில் நாச்சிமுத்து. அவசரத்தில் வெறும் நாச் என்பார்கள். அவர்கள் பாஷையில் அதற்கு நடனம் என்று அர்த்தமாம், அதனால் அவர்களுக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று. திருமூர்த்தி என்று ஒருவன் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. இதை அவன் போனில் சொன்னபோது, தன் பேராவது கொஞ்சம் ஊர் சுற்றட்டும் என்று அப்பாவுக்கும் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் போன் பண்ணுவான். "அம்மா, செவ்வாக்கெழம ஒரு திருப்பம் போட்டேன், கூடப் பறந்தவன் கண்ணு இருட்டி வாந்தி எடுத்துட்டான். சண்டை விமானத்துல அப்படி வளைஞ்சா உடம்பு ஒன்பது பங்கு கனக்குமாம். எனக்கு ஒண்ணுமே தெரியல, நம்மூரு டவுன் பஸ்ல சன்னலோரம் உக்காந்த மாதிரி இருக்குது" என்பான். செவ்வாய்க்கிழமை நாற்காலி உடைந்ததை நினைத்துக்கொள்வாள் பழனாத்தாள். வியாழக்கிழமை குட்டிக்கரணம் என்பான். வியாழக்கிழமை கட்டில் அறுந்திருக்கும். ஒரு வாரம் விமானத்தைத் தலைகீழாக ஓட்டினேன் என்றான். அந்த வாரம் நாச்சிமுத்து கால் தரையில் பாவாமல், மடியில் ஐந்து கிலோ எடைக்கல்லைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டார். கூப்பிடுகிற பேர் இவருடையது, அதனால் பாரம் இவரிடம் வருகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தபால் தவறான வீட்டுக்கு வருவதில்லையா, அது மாதிரி.

ஊரும் அதைப் புரிந்துகொண்டு, அதற்கேற்ப நடந்துகொண்டது. டவுன் பஸ்ஸில் அவரை டயருக்கு நேர்மேலே மட்டும் உட்கார வைத்தார்கள். தேர் ஓடும் நாளில், மகன் பறக்கும் நேரத்தைப் போனில் விசாரித்து, இறக்கத்தில் தேரின் பின்பக்கம் கயிற்றைப் பிடிக்க அவரை நிறுத்தினார்கள். பருத்தி மூட்டை அமுக்குகிறவர்கள் மட்டும் கொஞ்சம் அளவு மீறி ஆசைப்பட்டார்கள், பழனாத்தாள் விளக்குமாற்றோடு போய் அவர்களைத் திருத்திவிட்டு வந்தாள். ஐம்பது டன் லாரி ஏறினாலும் அசையாத எடைமேடை ஒன்றுதான் அவரைத் தாங்கும் தரை என்று ஆனதால், பறக்கிற நாட்களில் மேடையிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். லாரிகள் காத்திருக்கும். டிரைவர்கள் டீயோடு சுற்றி நின்று சிவப்பு எண்ணைப் பார்ப்பார்கள், அது ஏற ஏறக் கைதட்டுவார்கள். "நம்ம பையன் இன்னிக்கு நல்லா வளைக்கறானுங்க" என்பார் கதிர்வேல். நசுங்கிக் கிடக்கும் நாச்சிமுத்துவும், பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமாம் என்று கண்ணை மூடித் திறப்பார்.

பாரமே தெரியாத விமானியை யார் ஜெயிக்க முடியும்? ஒத்திகைச் சண்டைகளில் மற்றவர்கள் மயங்காமல் இருப்பதற்கே பாடுபட்டுக்கொண்டிருக்கும்போது, இவன் அவர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பான். ஃபிளைட் லெப்டினன்ட் ஆனான், ஸ்குவாட்ரன் லீடர் ஆனான். எல்லை தாண்டி வந்த விமானம் ஒன்றை ஒரு நாள் மலை இடுக்குகளுக்குள் துரத்தித் துரத்தி வெளியே விரட்டினான், அன்று மேடையின் எண்ணைப் பார்க்கச் சகிக்காமல் டிரைவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்கு அவனுக்குப் பதக்கம் கொடுத்தபோது பேப்பரில் நாச்சிமுத்து என்றுதான் வந்தது. ஊர் முனையில் ஃபிளெக்ஸ் வைத்தவர்கள் பேரைப் பார்த்துப் படத்தைப் போட்டார்கள்; காதோரம் நரைத்த எடைமேடைக்காரர், தலைக்கவசமும் கண்ணாடியுமாக, வானத்தின் நடுவில் கும்பிட்டபடி நின்றார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் காங்கயம் பக்கத்திலிருந்து நாச்சிமுத்துவின் அக்கா வேலாத்தாள் வந்தாள். ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. சின்னவர்களுக்கு அவர் அண்ணன், மாமன், பெரியவர்களுக்கு எடைமேடைக்காரர், பழனாத்தாளுக்கு வெறும் ஏனுங்க. கட்டியவன் பேரைச் சொல்லக்கூடாது என்பது அவளுக்கு மூச்சு மாதிரி. பேரின் பின்பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று, ஊரெல்லாம் கொட்டமுத்து என்று சொல்லும் ஆமணக்கு விதையை அவள் விளக்கெண்ணெய்க் கொட்டை என்பாள், முத்துமாலையை வெள்ளைப் பாசி என்பாள். ஆக, அவர் விஷயத்தில் அந்தப் பேர் ஊரில் சும்மாதான் கிடந்தது. விமானப்படை ஒன்றுதான் அதை எடுத்துப் புழங்கிக்கொண்டிருந்தது.

வந்த வேலாத்தாள், தம்பி மேடையில் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, "டேய் நாச்சிமுத்து, எந்திரிடா, என்னடா கோலம் இது" என்றாள். "ஏனுங்கக்கா" என்று அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எண் சரசரவென்று விழுந்தது. பாரம் போன இடம் தெரியவில்லை. பழனாத்தாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நாத்தனாருக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். இத்தனை வருஷம் இது தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் பண்ணினான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அம்மா, நேத்து நான் செத்துப் பொழைச்சேன். திரும்பிட்டிருக்கப்ப பாறாங்கல்லை நெஞ்சு மேல வெச்ச மாதிரி என்னமோ அமுக்குச்சு, நொடி நேரம்தான், உடனே கண்ணு கட்டி நெனப்பு தப்பிருச்சு. முழிச்சுப் பாத்தா தரை எதுக்க வருது. கடைசி நேரத்துல தூக்கிட்டேன்."

பழனாத்தாள் போனை வைத்துவிட்டுக் குழம்புச் சட்டியைக் கழுவினாள். பக்கத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் இவர் அதற்குத்தான் திரும்புவார், அப்போது மேலே கூப்பிடுகிற பேருக்கு ஆள் இருக்காது, பாரம் பிள்ளை தலையில் விழும். புருஷனைத் தூக்கினால் பிள்ளை விழுவான், பிள்ளையைத் தாங்கினால் புருஷன் நசுங்குவார். அவளுக்கு அன்றைக்குத்தான் உண்மையிலேயே பயம் வந்தது.

ஊர் கூடிப் பேசியது. எடைமேடைக்காரர் பேரை இனி யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். ரேஷன் கடையில் அவர் முறை வந்தால் மணி அடித்தார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்துப் பேரைக் கூப்பிட வாயெடுத்த நர்ஸின் வாயை, பின்னால் நின்ற நோயாளிகள் பொத்தினார்கள். கோவிலில் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்ட குருக்களிடம், நட்சத்திரத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஊரில் அதே பேரில் ஒரு பால்காரர் இருந்தார், வாழ்ந்துகொண்டிருந்த மனுஷன், ஒரே வாரத்தில் ராஜேஷ் ஆகிவிட்டார். வேலாத்தாள் தம்பியைப் பார்க்க வந்தால் வாயில் வெற்றிலையை அடைத்துக்கொண்டுதான் ஊருக்குள் வர வேண்டும். மொத்தத்தில் ஊரே அவருக்கு வாழ்க்கைப்பட்ட மாதிரி ஆகிவிட்டது.

வருஷங்கள் போயின. திருமூர்த்தி விங் கமாண்டர் ஆனான். நாச்சிமுத்து குள்ளமானார். முதலில் வேட்டி தரையில் புரண்டது, பிறகு அறை ஜன்னல் எட்டவில்லை, பிறகு செங்கல் வைத்து ஏறி நின்று லாரிக்காரர்களிடம் பேசினார். முதுகெலும்பு ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டே வருகிறது என்றும், இனி ஒரு பெரிய பாரம் வந்தால் இதயம் தாங்காது என்றும் கோயம்புத்தூர் டாக்டர் சொன்னார். வயதானால் எல்லோரும் குறுகத்தான் செய்வார்கள் என்று லீவில் வந்த மகனை நம்பவைத்தார்கள்.

"பேர மாத்தச் சொல்லலாமுங்க" என்றாள் பழனாத்தாள். "அவனுக்குத்தான் நாம வெச்ச பேரு ஒண்ணு இருக்குதில்லீங்க."

"மாத்துனா கனம் அவம்மேல போகும் புள்ள. மத்த பசங்க மொத நாள்ல இருந்து கொஞ்சங் கொஞ்சமாத் தாங்கிப் பழகுனவங்க. நம்ம பையன் ஒரு நாளுந் தாங்குனதில்ல. எடுத்த எடுப்புல எப்படித் தாங்குவான்?"

"நாளாக நாளாக அது இன்னும் மோசந்தானுங்களே."

"மோசந்தான்" என்று ஒத்துக்கொண்டார். பிறகு, "பெருசா என்ன குடுத்துட்டோம் அவனுக்கு? ஒரு பேருதான" என்றார்.

"பேரக் குடுத்தீங்க, சரி. முதுகெலும்பையுமா குடுப்பாங்க?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மகனிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று அவர் அவள் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். தெரிந்தால் அவன் பயந்து பயந்து ஓட்டுவான், பயந்து ஓட்டுகிறவனை அந்த வேகம் விட்டுவைக்காது என்பது அவர் கணக்கு. அவளுக்கு அவர்மேல் வந்த கோபத்தை அளக்க அந்த மேடையாலும் ஆகாது.

அந்த வருஷம் கோயம்புத்தூர் பக்கம் பொதுஜனங்களுக்கு விமான சாகசம் காட்டப்போவதாக மகன் சொன்னான். "போற வழிதான் அம்மா. அப்பாவ வெளிய வந்து நிக்கச் சொல்லுங்க. அவர் பேர்ல நம்மூருக்கு மேல இதுவரைக்கும் யாரும் போடாத வளைவெல்லாம் போட்டுக் காட்டறேன்."

"செரி கண்ணு" என்றாள். பிறகு, அடுப்பைப் பற்றிக் கேட்பதுபோல, "ஏங்கண்ணு, மேல போறப்ப யாருக்காச்சும் நெனப்பு தப்புச்சுன்னா, எங்க வெச்சுத் தப்புனாப் பொழைக்கலாம்?" என்று கேட்டாள்.

அவன் சிரித்தான். "எவ்வளவு ஒசரமோ அவ்வளவு நல்லதும்மா. ஒசரம் இருந்தா விழறதுக்கு நேரம் இருக்கும், முழிச்சுக்கலாம்."

அதன்பிறகு அவள் கிணற்றடியில் துணி துவைக்கும்போதெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். முதல் எழுத்து வரும், அதற்கு மேல் வராது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இத்தனை வயதில் எழுத்துக் கூட்டுகிற மாதிரி ஆகிவிட்டதே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அந்த நாள் வந்துவிட்டது.

ஊரே எடைமேடையைச் சுற்றி நின்றது. மண்டி அடைப்பு, பள்ளிக்கூடம் லீவு, பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். நாச்சிமுத்து மேடை நடுவில் பாயில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தார். அவருக்கு மகனைப் பறக்கும் கோலத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது, சத்தம் வருவதற்குள் புள்ளி ஊருக்கு மேலே வந்து, புளியமர உச்சிகளைச் சீவுவதுபோல் தாழ்ந்து திரும்பியது. எண் எகிறியது. கைதட்டினார்கள். மறுபடி திரும்பினான், இன்னும் இறுக்கமாக. நாச்சிமுத்துவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மூன்றாவது தடவை எண் அதுவரை யாரும் பார்க்காத இடத்துக்குப் போனபோது கைதட்டல் தானாக நின்றது. அவர் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, கதிர்வேல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கண்ணை மட்டும் மூடாமல் நாச்சிமுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழனாத்தாள் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, அவரைப் பார்க்காமல், விமானத்தைப் பார்த்தாள். தாழ்வாக இருந்தான். இப்போது கூடாது. அவர் கையைப் பிடித்திருந்தாள், அந்தக் கை அம்மிக்குழவியாகக் கனத்தது, விரல் நகமெல்லாம் கறுத்துக்கொண்டு வந்தது. இப்போதும் கூடாது. பிள்ளையே, மேலே போடா, மேலே போடா என்று மனசுக்குள் கெஞ்சினாள். சொன்னதைக் கேட்டவன் மாதிரி அவன் மூக்கைத் தூக்கி நேராக மேலே ஏறினான், பருந்தாகி, குருவியாகி, கொசுவாகி, வெயிலில் மின்னும் ஒரு துணுக்காகி, அங்கே போய்க் கடைசி வளைவுக்குச் சாய்ந்தான். நாச்சிமுத்துவின் மார்பு ஏறுவது நின்றது.

"நாச்சிமுத்து" என்றாள் பழனாத்தாள்.

மெதுவாகத்தான் வந்தது, கேட்டதோ ஊருக்கே கேட்டது. பட்டப்பகலில், பஞ்சாயத்துத் தலைவர் முன்னிலையில், கட்டிய புருஷன் பேரை ஒரு பொம்பளை வாய்விட்டுச் சொல்லிவிட்டாளே என்று ஊர் அதிர்ந்துபோனதில், விமானத்தைப் பார்க்கவே பலருக்கு மறந்துவிட்டது. ஒரு தடவை வாய் திறந்துகொண்டதால் அவளால் நிறுத்த முடியவில்லை. "நாச்சிமுத்து, எந்திரிங்க. நாச்சிமுத்து, என்னையப் பாருங்க. இங்க பாருங்க நாச்சிமுத்து."

"ஏன் புள்ள" என்றார் அவர், எழுந்து உட்கார்ந்து. எண் அவர்கள் இரண்டு பேருடைய எடைக்கு வந்து நின்றது.

மேலே அந்தத் துணுக்கு தள்ளாடியது. வளைவு பாதியில் அறுந்து, விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து, இலை விழுகிற மாதிரி சுற்றிச் சுற்றி இறங்கியது. குருவியானது, பருந்தானது. நாச்சிமுத்து மனைவியின் கையை உதறிவிட்டு, "என்ன காரியம் பண்ணுன" என்றார். உயரம் இருக்கிறது, உயரம் இருக்கிறது என்று அவள் உதடு சொல்லிக்கொண்டே இருந்தது. புளியமரங்களுக்கு வெகு மேலே, எழுந்தும் எழாதவனுடைய தலைபோல விமானத்தின் மூக்கு ஆடி, நிமிர்ந்தது. பிறகு எந்த வளைவும் போடாமல், டவுன் பஸ் போகிற நிதானத்தில், மேற்கே பார்த்துப் போயிற்று.

பொழுது சாய்வதற்குள் ஒரு ஜீப் வந்தது. திருமூர்த்தி இறங்கினான், பச்சை உடுப்பு வியர்வையில் ஊறியிருந்தது, கண்ணின் வெள்ளை முழுக்கச் சிவப்பு. நடக்கத் தெரியாதவன்போல் வந்து, மேடையில் அப்பாவுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். அவன் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தனை பேரும் கனக்குது கனக்குதுன்னு சொல்றப்ப, நடிக்கறாங்கன்னு நெனச்சேனுங்கப்பா" என்றான். "இவ்வளவு கனமாங்க இருக்கும்?"

"ஆமாங் கண்ணு" என்றார் நாச்சிமுத்து. "வயித்த இறுக்கிப் புடிச்சுக்கோணும். மூச்ச ஒரேடியா விட்றக் கூடாது, கொஞ்சங் கொஞ்சமா விடோணும். மொத நாளு அப்படித்தான் இருக்கும்."